வேக-நேர வரைபும் அதன் வாசிப்பும்: ஒரு விமர்சன நோக்கு

1

பாடசாலைப் பௌதிகவியலின் முதற்படிகளிலே மாணவர் எதிர்கொள்ளும் வரைபுகளுள் வேக-நேர வரைபு முதன்மையானது. கிடையச்சிலே நேரம், நிலைக்குத்தச்சிலே வேகம், இரண்டுக்குமிடையே ஒரு கோடு. பார்வைக்கு இதனினும் எளிய உருவம் இல்லையெனலாம். ஆயினும், க.பொ.த. சாதாரண தரம் வரை விஞ்ஞானம் கற்றுப் பின்னர் கலைத்துறைக்கு வந்த எம்மிற் பலருக்கு, 'விஞ்ஞானம் எமக்கு வராது' என்ற எண்ணத்தை முதன்முதலில் ஊட்டியவற்றுள் இக்கோடும் ஒன்றாகும். கணிதம் வராதவர்க்கு வரைபும் வராது என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். இக்காரணத்தை ஏற்க முடியாதென்பதும், இங்குள்ள இடர்ப்பாடு பெரிதும் வாசிப்புச் சார்ந்தது என்பதும், அவ்வாசிப்பைக் கற்பியாத முறையொன்றின் குறையை மாணவரின் அறிவுக்குறையாகக் காட்டி வந்துள்ளோம் என்பதுமே இக்கட்டுரையின் வாதங்கள்.

பௌதிகப் பொருளிலே கலைப்பீட மாணவன் தலையிடுவது தகுமா என்று வினவப்படலாம். வரைபு ஒரு குறியீட்டு மொழி. அதற்கென மரபுகளும் இலக்கணமும் உள. ஒரு குறி எதனைச் சுட்டுகின்றது, எதனைச் சுட்டுவதாக மயக்குகின்றது என ஆராய்வது விமர்சகனின் தொழில். அவ்வகையில் இவ்வரைபு எமது ஆய்வெல்லைக்குள்ளும் வருவதேயாகும்.

2

ஒரு புகையிரதம் ஒரு தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டு அடுத்த தரிப்பிடத்தில் நிற்கின்றது எனக் கொள்வோம். முதல் 30 செக்கன்களில் அதன் வேகம் சீராக ஏறி, செக்கனுக்கு 12 மீற்றர் ஆகின்றது. அடுத்த 60 செக்கன்கள் அதே வேகத்திற் செல்கின்றது. இறுதி 20 செக்கன்களில் சீராகக் குறைந்து ஓய்வுக்கு வருகின்றது. இதன் வரைபு ஒரு சரிவகம்: ஏறும் கோடு, கிடைக்கோடு, இறங்கும் கோடு.

இவ்வுருவத்தைக் காட்டி, இயக்கத்தை விவரிக்கும்படி கேட்டால், 'வண்டி மேட்டில் ஏறியது, சமதரையில் ஓடியது, பள்ளத்தில் இறங்கியது' என்ற விடை வருவதுண்டு. பத்தாந் தரத்திலே இக்கட்டுரையாளன் எழுதிய விடையும் அதுவே. அதன்மீது சிவப்பு மையினால் ஒரு கோடு விழுந்ததேயன்றி, அது ஏன் பிழை என்று எவரும் கூறவில்லை. அவ்விடை மூடத்தனமானதன்று என்பதை இன்று உணர முடிகின்றது. ஒரு கோட்டைக் கண்டதும் அதனைப் பாதையாகக் காண்பது மனிதக் கண்ணின் இயல்பு. நிலப்படத்திலே கோடு வீதியாகின்றது. சித்திரத்திலே மலையின் விளிம்பாகின்றது. வரைபில் மாத்திரம் அவ்வாறு காணலாகாது என்ற விதியை யாரேனும் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராதவிடத்து, மாணவன் தான் அறிந்த மொழியிலேதான் அறியாத மொழியை வாசிப்பான்.

இது எமது நாட்டுக்கு மாத்திரமுரிய இடர்ப்பாடுமன்று. அமெரிக்காவிலே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிலியன் மக்டேர்மட்டும் அவரது குழுவினரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வொன்று, பல்கலைக்கழக மாணவர்களே வரைபையும் மெய்யான இயக்கத்தையும் தொடர்புபடுத்த இடர்ப்படுவதை விரிவாகக் காட்டிற்று. கோட்டின் உயரத்தை வாசிக்க வேண்டிய இடத்திற் சரிவையும், சரிவை வாசிக்க வேண்டிய இடத்தில் உயரத்தையும் வாசித்தல் அவர்கள் கண்ட குறைகளுள் ஒன்று. 1994 இல் றொபேட் பைக்னர் என்பார், இயக்க வரைபுகளை வாசிக்கும் ஆற்றலை அளக்க 21 வினாக்கள் கொண்ட சோதனையொன்றை வெளியிட்டார். உயர் பாடசாலை, கல்லூரி மாணவர் 524 பேர் பெற்ற சராசரி நூற்றுக்கு 40 அளவினதாகவே இருந்தது. இத்துணைக்கும் இவர்கள் இப்பாடத்தை முன்பே கற்றவர்கள். வரைபைப் படமாகக் காணல், சரிவையும் உயரத்தையும் மயங்கல், பரப்பின் பொருளை அறியாமை முதலியன அவர் வகுத்த பிழைகளாம். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே பிழை ஒரே வடிவிலே நிகழுமாயின், அதனைத் தனிமனிதரின் மந்தபுத்தி என ஒதுக்குவது எங்ஙனம்?

3

இவ்வரைபை வாசிப்பதென்பது உண்மையில் மூன்று வாசிப்புகளாகும். ஒரே கோடு மூன்று வினாக்களுக்கு மூன்று வகையாக விடை பகர்கின்றது.

முதலாவது, உயரம். குறித்தவொரு கணத்திலே வேகம் எவ்வளவு என்பதை அக்கணத்திலே கோடு நிற்கும் உயரம் கூறும். மேற்கூறிய புகையிரதத்தின் வேகம் 20 ஆம் செக்கனில் செக்கனுக்கு 8 மீற்றர். இரண்டாவது, சரிவு, பாடநூல் வழக்கிற் படித்திறன். வேகம் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதை அது கூறும். புறப்படும்போது ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர் வீதம் கூடுகின்றது, நிற்கும்போது 0.6 மீற்றர் வீதம் குறைகின்றது. மூன்றாவது, கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு. அது இடப்பெயர்ச்சியைக் கூறும். ஏறும் முக்கோணம் 180, நடுச் செவ்வகம் 720, இறங்கும் முக்கோணம் 120. ஆக 1020 மீற்றர்.

இம்மூன்றனுள் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது உயரம். ஆயின் எமது உடல் முதலில் உணர்வது சரிவையே. நெரிசலான பஸ்ஸில் நின்று பயணம் செய்வோர் அனைவரும் இதனை அறிவர். நேரான வீதியிலே பஸ் சீரான வேகத்திற் செல்லும்போது, அவ்வேகம் எத்துணை பெரிதாயினும், நாம் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றோம். சாரதி தடையை அழுத்துகையில் முன்னே சரிகின்றோம். பஸ் முற்றாக நிற்கும் அக்கணத்திலே சடுதியாகப் பின்னே தள்ளப்படுகின்றோம். அக்கடைசித் தள்ளல், வரைபிலே சரிந்து வந்த கோடு அச்சைத் தொட்டு மடியும் கூரிய மூலையன்றி வேறன்று. நாளாந்தம் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு, 'சரிவு என்பது நீ கம்பியைப் பற்றிக் கொண்ட கணம்' என்று சொன்னாற் போதும். உடலால் ஏலவே வாசித்ததை அப்பிள்ளை கண்ணாலும் வாசிக்கும்.

பரப்பு இவற்றினும் கடினமானது. பரப்பளவு என்றால் சதுர மீற்றர் என்று கணித வகுப்பிலே கற்ற மாணவனுக்கு, இங்கே பரப்பு வெறும் மீற்றரில் வருகின்றது என்பது விந்தையாகவே தோன்றும். ஒரு பக்கம் நேரமாகவும் மறுபக்கம் வேகமாகவும் அமைந்த செவ்வகம் நிலத்திலுள்ள காணித்துண்டன்று. அது ஓர் உருவகம். செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்பதை இத்தனை செக்கன்களாற் பெருக்கினால் எஞ்சுவது மீற்றரே. இவ்வுருவகத்தை உருவகமென்று எடுத்துரைக்காமல், 'பரப்பைக் காண்க, அதுவே தூரம்' என மந்திரம்போல் ஓதுவதனாற் பயனில்லை.

மூன்று வாசிப்புகளையும் வேறுபடுத்த அறியாதவன் எங்ஙனம் இடறுவான் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். செக்கனுக்கு 10 மீற்றர் என்ற சீரான வேகத்திற் செல்லும் சைக்கிளொன்று ஓரிடத்தைக் கடக்கும் அதே கணத்தில், அங்கு ஓய்விலிருந்த மோட்டார்ச் சைக்கிளொன்று அதே திசையிற் புறப்பட்டு, ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் வேகம் கூடிச் செல்கின்றது. இரு கோடுகளும் 5 ஆம் செக்கனில் வெட்டுகின்றன. 'அங்கே இரண்டும் சந்தித்தன' என்பதே பலரது விடை. ஆனால் அக்கணத்தில் சைக்கிள் 50 மீற்றர் சென்றுவிட்டது. மற்றையது 25 மீற்றரே வந்துள்ளது. அவற்றின் வேகங்கள் சமமாயினவேயன்றி இடங்கள் சமமாகவில்லை. 10 ஆம் செக்கனிலேயே, 100 மீற்றர் தூரத்தில், ஒன்று மற்றையதை எட்டும். வெட்டும் புள்ளிக்கு முன் கோடுகளுக்கிடையே விழும் முக்கோணமும் பின் விழும் முக்கோணமும் சமமாகும் இடம் அதுவே. கோடுகள் சந்திப்பதும் வண்டிகள் சந்திப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வோர் எடுத்துக்காட்டால் உணர்ந்தவன் வரைபை மீண்டும் படமாகக் காணான்.

4

இவ்வரைபு வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 14 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒக்ஸ்போட் மேற்றன் கல்லூரியைச் சார்ந்த அறிஞர்கள், சீராக வேகம் கூடும் பொருளொன்று செல்லும் தூரம், அதன் நடுவேகத்தில் அதே நேரம் சென்றிருப்பின் செல்லும் தூரத்துக்குச் சமம் என நிறுவினர். அவர்கள் அதனைச் சொற்களாலேயே வாதிட்டனர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பாரிஸைச் சேர்ந்த நிக்கொலே ஒரேம் அதனை உருவமாக்கினார். நேரத்தைக் கிடைக்கோடாகவும், ஒவ்வொரு கணத்து வேகத்தையும் அதன்மீது நிறுத்திய கோடாகவும் கற்பனை செய்து, முக்கோணத்தின் பரப்பும் பாதியுயரச் செவ்வகத்தின் பரப்பும் சமமென்று காட்டினார். பக்கம் பக்கமாக விரிந்த தருக்கம் ஒரு பார்வைக்குள் அடங்கிற்று. இவ்வுருவங்களை அவர் இயக்கத்துக்கு மாத்திரம் வரையறுக்கவில்லை. வெப்பம், வெண்மை, ஓசை முதலிய பண்புகளின் ஏற்ற இறக்கங்களையும் இவ்வாறே உருவகிக்கலாமெனக் கருதினார்.

பின்னர், 1638 இல் லெய்டனில் வெளியான தமது நூலின் மூன்றாம் நாட் பகுதியிலே கலிலியோ இதனையொத்த உருவமொன்றைப் பயன்படுத்தினார். அவ்வுருவத்திலே நேரத்தைக் குறிக்கும் கோடு நிலைக்குத்தாகவும், வேகங்கள் அதற்குக் குறுக்காகவும் வரையப்பட்டுள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. வேகம் 'மேலே' செல்வது இயற்கையின் விதியன்று, எழுதுமுறையின் மரபே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. இன்னுமொன்று: விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகின்றது என்றே கலிலியோ 1604 இல் எண்ணியிருந்தார். நேரத்துக்கு ஏற்பவே கூடுகின்றது என்னும் தெளிவு அவருக்குப் பின்னரே வாய்த்தது. கிடையச்சில் எதனை நிறுத்துவது என்ற வினாவிலே கலிலியோவே இடறினார் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பாடவேளையில் இடறுவது குற்றமாகுமா?

இவ்வரலாற்றில் எம்மைப் போன்றோர் கருத்தூன்ற வேண்டிய பிறிதொரு செய்தியும் உண்டு. இதே ஒரேம் பிரான்சிய மன்னன் ஐந்தாம் சார்ள்ஸின் வேண்டுகோட்படி அரிஸ்டோட்டிலின் நூல்கள் சிலவற்றை இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தவர்; அம்மொழியிலே கலைச்சொற்களை ஆக்கியவர். கலிலியோவும் தமது உரையாடல்களை இத்தாலிய மொழியிலே எழுதியவர். அறிவை வரைபாக்கியவர்களே அறிவைத் தம்மவர் மொழியாக்கவும் முயன்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியரின் பணியையும் இவ்வரிசையில் வைத்து எண்ணுதல் தகும்.

5

இனி, எமது கலைச்சொற்களின் பாற்பட்ட சிக்கலொன்றை நோக்குவோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலே திசையற்ற விரைவு 'கதி' எனவும், திசையோடு கூடியது 'வேகம்' எனவும் வழங்கும். தமிழகத்திலோ திசையற்றது 'வேகம்', திசையோடு கூடியது 'திசைவேகம்'. எமது 'ஆர்முடுகல்' அவர்களுக்கு 'முடுக்கம்'. எனவே 'வேக-நேர வரைபு' என்னும் ஒரே தொடர் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இரு வேறு வரைபுகளைச் சுட்டுகின்றது. அங்குள்ள பொருளில் அக்கோடு ஒருபோதும் நேர அச்சுக்குக் கீழே இறங்காது. இங்குள்ள பொருளில் இறங்கலாம். கைத்தொலைபேசியிலே தமிழகத்து விளக்கங்களைக் கேட்டுப் படிக்கும் எமது மாணவருக்கு இது சிறிய தடுமாற்றமன்று.

நாளாந்தப் பேச்சும் இங்கே துணைபுரிவதில்லை. 'பஸ் வேகமாக வந்தது' என்போம். அங்கே திசை பற்றிய எண்ணமேயில்லை. ஆகவே பாடநூல் 'மறை வேகம்' என்றதும் மாணவன் திகைக்கின்றான். பூச்சியத்திலும் குறைந்த விரைவு எங்ஙனம் கூடும் என்பது அவனுடைய ஐயம். அது நியாயமான ஐயமே. சொல் பழையது, பொருள் புதியது. அப்புதுப்பொருளை அறிவிக்காமல் சொல்லை மாத்திரம் கொடுத்தது எமது தவறு.

செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் நேர்மேலே எறியப்பட்ட பந்தை எடுத்துக்கொள்வோம். வளித்தடையை விடுத்து, புவியீர்ப்பினால் ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் வீதம் மாறுகின்றது எனவும், மேல்நோக்கிய திசை நேர் எனவும் கொண்டால், வரைபு 20 இல் தொடங்கி, 2 ஆம் செக்கனில் அச்சைக் கடந்து, 4 ஆம் செக்கனில் மறை 20 ஐ அடையும் ஒரே நேர்கோடாகும். அச்சைக் கடக்கும் இடத்தில் அது மடிவதில்லை; நிற்பதுமில்லை. உச்சியிலே பந்தின் வேகம் பூச்சியம்; ஆனால் சரிவு அங்கும் மறை 10 தான். மேலே 20 மீற்றர், கீழே 20 மீற்றர்; ஆக இடப்பெயர்ச்சி பூச்சியம், சென்ற தூரம் 40 மீற்றர். இதனையே கதி-நேர வரைபாக வரைந்தால், கோடு அச்சைத் தொட்டு மீண்டும் மேலெழும். சொல்லொன்று மாற உருவமும் மாறுகின்றது.

'மறை ஆர்முடுகல் என்றால் அமர்முடுகல்' என்று வகுப்பறைகளிலே சொல்லப்படுவதுண்டு. இப்பந்து அக்கூற்றைப் பொய்யாக்குகின்றது. முதல் இரு செக்கன்களில் பந்து தளர்கின்றது. அங்கே அமர்முடுகல் எனல் பொருந்தும். அடுத்த இரு செக்கன்களில் சரிவு அதே மறை 10 ஆயினும் பந்தின் விரைவு கூடுகின்றது. அதனை அமர்முடுகல் என்பது எவ்வாறு? வேகத்தின் குறியும் ஆர்முடுகலின் குறியும் ஒத்திருப்பின் பொருள் விரையும்; மாறுபடின் தளரும். இதுவே முறையான விதி.

இதனால் அச்சொற்கள் தீயன என்பது எமது கருத்தன்று. 'முடுகு' விரைவைக் குறிக்கும் பழந்தமிழ் அடி. யாப்பிலே முடுகியல் என விரைந்த நடையையும் குறிப்பது. ஆர்தல் நிறைதலாகவும் அமர்தல் அடங்குதலாகவும் பொருள்படுதலின், ஆர்முடுகலும் அமர்முடுகலும் ஓசையாலும் பொருளாலும் இணைந்த அழகிய ஆக்கங்களே. ஆயின் அமர்தல் எதனை அடக்குவது, விரைவையா வேகத்தையா என்ற வினாவுக்கு அச்சொல் தானே விடை கூறாது. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இம்மயக்கத்துக்கு விலக்கன்று. எனவே தமிழிற் கற்பித்தமையே தீங்கு என்று கூறுவோர் வாதம் இங்கு நில்லாது. தமிழைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. தமிழிலே மேலும் விளக்கமாகப் பேசுதலே தீர்வு.

6

இறுதியாகப் பரீட்சை பற்றிச் சில சொல்ல வேண்டும். நேர்கோட்டுத் துண்டுகளாலான வரைபுகளே மீண்டும் மீண்டும் வினவப்படுவதால், மாணவர் முக்கோணம், செவ்வகம், சரிவகம் ஆகியவற்றின் சூத்திரங்களை மனனஞ் செய்கின்றனர். வேறு சிலர் வரைபை விடுத்து இயக்கச் சமன்பாடுகளை எடுத்துக்கொள்கின்றனர். விடையும் வருகின்றது, புள்ளியும் கிடைக்கின்றது. வரைபு மாத்திரம் வாசிக்கப்படாமற் கிடக்கின்றது. ஆர்முடுகல் மாறாதவிடத்தே அச்சமன்பாடுகள் பொருந்தும். கோடு வளைந்தால் அவை உதவா. அப்போதும் வரைபுத்தாளிலுள்ள சிறு சதுரங்களை எண்ணித் தூரத்தைக் காண முடியும். மெய்யான புகையிரதம் எதுவும் கூரிய மூலையுள்ள சரிவகமாக ஓடுவதில்லை என்பதையும், பாடநூல் உருவம் உலகின் எளிமைப்படுத்திய வடிவமே என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.

நாற்பது பிள்ளைகளையும் முடிக்க வேண்டிய பாடத்திட்டத்தையும் கையிற் கொண்ட ஆசிரியரைக் குறைகூறுவது எளிது, நீதியன்று. அவரிடம் நாம் வேண்டுவன பெரியனவல்ல. கணக்கிடுமுன் வரைபைச் சொற்களில் விவரிக்கச் செய்தல். சொற்களாற் கூறிய பயணத்தை வரைபாக்கச் செய்தல். 'இங்கே உயரத்தை வாசிக்கின்றோமா, சரிவையா, பரப்பையா' என்று ஒவ்வொரு வினாவின் முன்னும் கேட்டல். பிழையான விடையின்மீது கோடிழுக்குமுன் அப்பிள்ளை எதனை வாசித்தது என வினவுதல். இவற்றுக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும் சற்றுப் பொறுமையும் போதும்.

வரைபு வாசிக்கும் ஆற்றல் பௌதிகத்தோடு முடிவதுமன்று. விலைவாசி உயரும் வீதம் குறைந்தது என்ற செய்தியை விலை குறைந்தது என்று விளங்கிக்கொள்பவன், சரிவையும் உயரத்தையும் மயங்கிய அதே மாணவனே. 2022 இல் இந்நாட்டிலே பணவீக்கம் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கியபோது, கோடு இறங்கியும் கடையில் விலை இறங்கவில்லையே என்று மக்கள் திகைத்தனர். அக்கோடு விலையின் கோடன்று. விலை மாறும் வேகத்தின் கோடு. அது பூச்சியத்துக்கு மேலே நிற்கும்வரை விலை ஏறிக்கொண்டேயிருக்கும். வேக-நேர வரைபைப் பள்ளியிலே செவ்வனே வாசித்த குடிமகனை இத்தகைய கோடுகளைக் காட்டி எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆதலின், இக்கோட்டை விஞ்ஞான மாணவருக்கே உரியதென ஒதுக்கிவிட எமக்கு உரிமையில்லை. 'விஞ்ஞானம் எமக்கு வராது' என்று நம்பிக் கலைத்துறைக்கு வந்தோருள் எத்தனை பேர் உண்மையில் வாசிக்கக் கற்பிக்கப்படாதவர் என்ற வினா, எமது கல்விமுறையின் முன் இன்னும் விடையின்றியே நிற்கின்றது.